ஸ்லைடிங் அலமாரிக்கு மேல்தாங்கி: மரமா, இரும்பா?

நம் வீடுகளில் மேல்தளம் பெரும்பாலும் 10 அடி உயரம். கடையில் கிடைக்கும் பிளைவுட் ஷீட்டோ 8 அடி. அதனால் சுவரோடு சுவராக அலமாரி அடித்து ஸ்லைடிங் கதவு போட்டால், கதவுக்கு மேலே இரண்டு மூன்று அடி வெற்றிடம் நிற்கும். கதவு ஓடும் மேல் டிராக்கைப் பிடிக்க அங்கே ஒரு தாங்கியை இறக்கியாக வேண்டும். மரமா, இரும்பா என்று ஆசாரி கேட்பார். அதற்கு முன் கதவின் கனம் எங்கே இறங்கப்போகிறது என்று முடிவு செய்துவிடுங்கள்.

7 அடிக்கு 3 அடியில் 18 மி.மீ. பிளைவுட் கதவு ஏறத்தாழ 20 கிலோ. முழு நீளத்துக்கு 4 மி.மீ. கண்ணாடி ஒட்டினால் இன்னொரு 20. இரண்டு கதவுக்கு 80 கிலோ ஆச்சா? கீழ்ச் சக்கரத்தில் ஓடும் கதவு என்றால் அது அப்படியே தரைக்குப் போய்விடும்; மேலே இருப்பது கதவு முன்பின் ஆடாமல் பிடித்தால் போதும். தொங்கும் கதவு என்றால் அத்தனையும் தாங்கியின் மேல்தான்.

கீழ்ச் சக்கரத்துக்கு மரமே போதும் என்பேன். செலவு குறைவு, திருகு எங்கே வேண்டுமானாலும் பிடிக்கும், மட்டம் தவறினால் ஒரு சக்கை வைத்துச் சரிக்கட்டலாம். ஆனால் கட்டையைப் படுக்க வைக்கக் கூடாது. ஸ்கேலைப் படுக்கையாகப் பிடித்தால் வளையும், நிமிர்த்திப் பிடித்தால் வளையாது, அதே கதைதான். எங்கள் வீட்டில் 6 அடி நீளத்துக்கு ரீப்பரை (மெல்லிய மரச்சட்டம்) படுக்க வைத்து அடித்தார்கள். ஆறு மாதத்தில் நடுவில் ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) தொய்ந்து, கதவு சரியாக அந்த இடத்தில் வந்து இறுகியது. பிறகு ஓர் அடி உயரப் பிளைவுட் பட்டை இரண்டை நிமிர்த்தி, நடுவே குறுக்குக் கட்டை கொடுத்துப் பெட்டியாக அடித்ததும் சரியானது.

தொங்கும் கதவுக்கு இரும்புதான். 40 மி.மீ. ஸ்கொயர் டியூபைச் சட்டமாக வெல்டிங் செய்து, நடுவிலும் ஒரு கால் இறக்கி, மேல்தளத்தில் ஆங்கர் போல்ட் போட வேண்டும். துளைக்கும் முன் ஃபேன், லைட்டுக்கான பைப் தளத்துக்குள் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எலெக்ட்ரீஷியனைக் கேளுங்கள். கீழே டைல்ஸ் போட்டாயிற்று என்றால் நனைத்த சாக்கு விரிக்காமல் வெல்டிங் செய்ய விடாதீர்கள்; பொறி விழுந்த புள்ளி துடைத்தால் போகாது.

ஃபால்ஸ் சீலிங்கிலேயே டிராக்கை அடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். அந்தத் தகட்டுச் சேனல் ஜிப்சம் பலகையைச் சுமக்கத்தான்.

7 அடியில் ஏற்கெனவே கான்கிரீட் பரண் இருந்தால் பாதி வேலை மிச்சம். ஆனால் அதன் அடிப்பூச்சு மட்டமாக இருப்பது அபூர்வம். ரசமட்டம் வைத்துப் பார்த்து, மேடுபள்ளத்துக்கு மெல்லிய பிளைவுட் துண்டு கொடுத்த பிறகே டிராக்கை முடுக்கச் சொல்லுங்கள்.