‘1000 வோட்ஸ்’ லைற்: 38,500 ரூபா போய்விட்டது, வன்னி ஆக்கள் கவனம்

நேற்றுத்தான் குட்டு வெளிப்பட்டது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. 38,500 ரூபா! வீட்டுக்குள் பயிர் வளர்க்கும் லைற் விற்கிற ஒரு பேஸ்புக் பக்கம். பெயர் போட்டால் வழக்கு, அது இது என்று வருவார்களாம், அதனால் போடவில்லை. இப்படியான ஆக்களிடம் எப்படித் தப்பலாம் என்று கடைசியில் விபரமாக எழுதுகிறேன்.

கிளிநொச்சியில் எங்கட பக்கம் குரங்கு எதையும் விட்டுவைக்காது. கறிமிளகாய் பிஞ்சு பிடிக்க முதலே கொப்போடு முறித்துப் போடும், மிச்சத்தை மயில் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் பின்அறையில் சாடிகளில் வைத்து வளர்க்க இறங்கினேன். கறிமிளகாய் பகல் நீளம் பார்த்துப் பூக்கிற பயிர் இல்லை, வயது வந்தால் பூக்கும். ஆனால் பூத்த பிறகு வெளிச்சம் காணாவிட்டால் பூ தங்காது. நல்ல லைற்றாகத் தேடியது அதற்குத்தான்.

விலையைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினேன். உடனே அந்தப் பக்கத்தில் விற்கிற தம்பி வட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் போட்டார். “அண்ணை, நானும் முல்லைத்தீவுப் பெடியன்தான். எங்கட சனத்தை ஏமாத்தி நான் என்னத்தைக் காணப்போறன்? பிழையெண்டா காசைத் திருப்பித் தருவன்.” ஊர்ப் பேச்சைக் கேட்டதும் மனம் இளகிவிட்டது. அடுத்த நாளே வங்கியில் முழுக்காசும் போட்டு ஸ்லிப்பை அனுப்பினேன். கும்பிடுகிற பொம்மையோடு “நன்றி அண்ணை” வந்தது.

செடி வளர்ந்தது, நூல் மாதிரி நெடுநெடுவென்று. பூக்கத் தொடங்கியதும் காம்பு மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்ந்தது. காலையில் கதவைத் திறந்தால் சீமெந்து நிலமெல்லாம் வெள்ளைப் பூ. கேட்டதற்கு, “லைற்றைக் கொஞ்சம் பதிச்சுக் கட்டுங்கோ” என்றார். கட்டினேன். பிறகு “வன்னி வெக்கை அண்ணை, ஃபான் போடுங்கோ.” அதுவும் போட்டேன். பிறகு “உங்கட பக்கம் வோல்டேஜ் குறைவு.” அப்புறம் பூ உதிராமல் இருக்க ஒரு மருந்து இருக்காம், 4,200 ரூபாவாம், அதையும் தன்னிடமே எடுக்கட்டாம்!

நேற்று வயரிங் வேலை செய்கிற மச்சான் கிளாம்ப் மீற்றரோடு வந்தார். ஒற்றை வயரைப் பிரித்துக் கவ்விப் பார்த்தால் 0.42 அம்பியர். 230 வோல்ற்றுக்குக் கணக்குப் பார்த்தால் 97 வோட்ஸ்கூட வராது. உண்மையான 1000 வோட்ஸ் என்றால் 4 அம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். பின்பக்கத்து ஸ்டிக்கரை நகத்தால் உரித்தோம். அடியில் பொடி எழுத்தில் ‘இன்புட் 100 வோட்ஸ்’.

படம் எடுத்து அனுப்பினேன். “அது பழைய பல்ப்புக்குச் சமமான கணக்கு, உங்களுக்கு விளங்காது” என்று பதில். எனக்கு விளங்காதாம்! சரி, காசைத் தாரும் என்றதும் புளொக். 38,500 ரூபாவும் அதோடு முடிந்தது.

தப்புகிற வழி என்றேனே: பெட்டியில் எழுதின வோட்ஸை நம்பாதீர்கள், பிளக்கில் இருந்து எவ்வளவு இழுக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். முழுக்காசையும் முதலே போடாதீர்கள். ஸ்லிப்பையும் வொய்ஸையும் அழிக்க வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும், விபரம் கேட்க 1977. என்னுடைய கடிதம் நாளைக்குப் போகிறது. அதே முல்லைத்தீவுத் தம்பியின் வொய்ஸ் வேறு ஆருக்கும் வந்திருந்தால் எனக்கு அனுப்புங்கள், சேர்த்தே போடலாம்.