பேக் ஆஃப்: பிபிசியிலா, சேனல் 4-லா?

2017-ல் 'தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' என்ற கேக், ரொட்டி சுடும் டிவி போட்டி பிபிசியிலிருந்து சேனல் 4-க்குப் போனபோது தொகுப்பாளர்கள் மெல், சூ, நடுவர் மேரி பெர்ரி மூவரும் விலகினார்கள். இன்னொரு நடுவர் பால் ஹாலிவுட் மட்டும் கூடவே போனார். தயாரிப்பு அதே லவ் புரொடக்‌ஷன்ஸ் என்பதால் போட்டி நடக்கும் கூடாரம், சிக்னேச்சர், டெக்னிக்கல், ஷோஸ்டாப்பர் என்ற மூன்று சுற்றுகள் எதிலும் கைவைக்கவில்லை.

உறுத்தியது விளம்பரம்தான். பிபிசியில் ஒரு மணி நேரம் தடையின்றி ஓடியதற்கு இங்கே 75 நிமிடம். கஸ்டர்ட் இறுகுமா என்று பதறும் நேரத்தில் இடைவேளை!

தொகுப்பாளர் விஷயத்தில் என் ஓட்டு பழைய ஜோடிக்கே. போட்டியாளர் அழுதால் பக்கத்தில் நின்று கெட்ட வார்த்தை பேசி, அந்தக் காட்சியை ஒளிபரப்ப முடியாமல் செய்துவிடுவார்கள். சேனல் 4-ல் அவர்களுக்குப் பதில் வந்த நோயல் ஃபீல்டிங், சாண்டி டாக்ஸ்விக் பாணியில் கிறுக்குத்தனம் தூக்கலாக இருந்தது.

தீர்ப்பு? மேரி பெர்ரிக்கு 'பை' (pie) பலகாரத்தின் அடி நமத்திருக்கக் கூடாது. அவருக்குப் பதில் நடுவராக வந்த ப்ரூ லீத்துக்குத் தின்னும் கலோரிக்கு ருசி ஈடாக வேண்டும். ஈர மாவுக்கு இரண்டு இடத்திலும் ஒரே கதிதான்.