206 எங்கே போகிறது? ஒற்றைக் குவாட்ருபோல் ஜிசி-எம்எஸ், பல வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

குலசேகரம் பக்கம் கிராம்பு எண்ணெய் வடிக்கிற நண்பர் ஒருவர் கேட்டார்: பழைய ஒற்றைக் குவாட்ருபோல் ஜிசி-எம்எஸ் ஒன்று விலை இறங்கி வருகிறது, மாறாமலைக் கிராம்புக்கு அது போதுமா? எண்ணெயை ஆவியாக்கி அதன் கூறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பிறகு அயனியாக்கி, நான்கு கம்பிகளுக்கு நடுவே (அதுதான் குவாட்ருபோல்) நிறைவாரியாக வடிகட்டி அடையாளம் காட்டும் கருவி அது. அதே வகைக் கருவியில் பல வருஷமாகக் கிராம்பு எண்ணெயும் ஜாதிக்காய் எண்ணெயும் ஓட்டியதை வைத்துச் சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாடாக உழைக்கும். 10 மைக்ரோலிட்டர் எண்ணெயை 10 மில்லி ஹெக்ஸேனில் கரைத்து, அதில் 1 மைக்ரோலிட்டரை 1:50 ஸ்பிளிட்டில் (சிறு பங்கு மட்டும் உள்ளே போக, மீதி வெளியேறும்படி) செலுத்தி, ஓவனை 60 டிகிரியிலிருந்து நிமிஷத்துக்கு 4 டிகிரி வீதம் 240 வரை ஏற்றினால் போதும். முனைவு குறைந்த 30 மீட்டர் கேப்பிலரியில், அதாவது பிரிக்கும் நுண்குழாயில், கிராம்பு எண்ணெயின் முக்கியக் கூறான யூஜெனால், காரியோஃபிலீன், ஹியூமுலீன், யூஜெனில் அசிடேட் என்ற வரிசை ஒருநாளும் மாறியதில்லை. யூஜெனால் எவ்வளவு என்பது மட்டும்தான் கேள்வி என்றால் இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

என் கோபமெல்லாம் யூஜெனில் அசிடேட்டில்தான். அதன் மூலக்கூறு அயனியின், அதாவது உடையாத முழு மூலக்கூறு அயனியின், நிறை 206. அது கீட்டீனை, அதாவது 42-ஐ, உதறிவிட்டு 164 ஆகும். 164 என்பது யூஜெனாலின் மூலக்கூறு அயனியும்கூட. அதற்குப் பிறகு வரும் 149, 131, 103 எல்லாம் யூஜெனாலிலும் வருபவை. மூலக்கூறுகளை எலக்ட்ரானால் அடித்து அயனியாக்கும் அறைதான் சோர்ஸ். புதிய சோர்ஸிலேயே 206 சிறிய கோடுதான். அழுக்கேறினால் அதுவும் தேய்ந்து, கோடுகளை ஒப்பிட்டுப் பெயர் சொல்லும் லைப்ரரி முதல் பெயராக ‘யூஜெனால்’ என்று அடித்துச் சொல்லும். இரண்டும் வெளிவரும் நேரத்துக்கு நடுவே நல்ல இடைவெளி இருப்பதால் தப்பிக்கிறோம். லைப்ரரியை மட்டும் நம்பி அறிக்கை எழுதுகிறவர் தப்ப முடியாது.

206 எங்கே உடைகிறது? எண்ணெயைச் செலுத்தும் சூடான வாயான இன்லெட்டில் உடைந்தால் பிறக்கும் யூஜெனால் தன் நேரத்தில் தனியாக வெளிவந்துவிடும். அசிடேட்டின் நேரத்திலேயே 164 ஓங்கி நிற்கிறது என்றால் உடைப்பு சோர்ஸுக்குள். அங்கே இரண்டு வழி: சூடான சுவரில் பட்டு மூலக்கூறே சிதைந்து, பிறகு அயனியாவது ஒன்று, அயனியான பிறகு 206 தானே பிளப்பது இன்னொன்று. முதலாவது என்றால் சோர்ஸைக் கழுவ வேண்டும். இரண்டாவது அதன் இயல்பு. கழுவி என்ன பயன்?

அயனிகளைக் காந்தத்தால் வளைத்து நிறைவாரியாகப் பிரிக்கும் பழைய காந்தப் பிரிவுக் கருவிகள் இதற்குப் பதில் சொல்லும். சோர்ஸைத் தாண்டும் வரை தாங்கி, சில மைக்ரோ வினாடியில் வழியிலேயே பிளக்கும் அயனிகள்தான் மெட்டாஸ்டேபிள் அயனிகள். ஹிப்பிளும் காண்டனும் 1945-லேயே இவற்றை அடையாளம் காட்டிவிட்டார்கள். 206-ஆக முடுக்கம் பெற்று, காந்தத்துக்கு முன்னால் 164-ஆக உடைந்த அயனியிடம் அதன் நிறைக்குரிய பங்கு ஆற்றல்தான் மிஞ்சும். அதனால் 164-இல் விழாமல், 164-ஐ வர்க்கமாக்கி 206-ஆல் வகுத்த இடத்தில், 130.56-இல், தாழ்வான அகன்ற மேடாக விழும். பின்னமாக வரும் அந்த எண்ணே தாயையும் சேயையும் காட்டிக்கொடுக்கும். 164 பிளந்து 149 ஆனால் மேடு 135.4-இல்.

குவாட்ருபோலில் இது கிடையாது. கம்பிகளுக்கு நடுவே உடைகிற அயனி பாதை தவறி அழிந்துபோகும். அதற்கு முன்னால் லென்ஸ் பகுதியில் உடைந்தது சாதாரண 164-ஆகவே எண்ணப்படும். தாய் யார், சேய் யார் என்ற தகவலைக் கருவி விழுங்கிவிடுகிறது. இவ்வளவு நல்ல கருவியில் இந்த ஒரு குருட்டுத்தனம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதனால் சுற்றிவளைத்துத்தான் போக வேண்டும். சோர்ஸை 230 டிகிரியில் வைத்து ஒரு முறையும், 200-க்கு இறக்கி ஒரு முறையும் அதே கரைசலை ஓட்டுங்கள். இரண்டிலும் 206-க்கும் 164-க்கும் உள்ள விகிதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சோர்ஸைக் கழுவி, 230-இல் மறுபடி ஓட்டுங்கள். கழுவியதும் விகிதம் 230-இல் முன்பு இருந்ததைவிடத் தெளிவாக ஏறினால் குற்றவாளி சுவர். ஏறாவிட்டால் அது அயனியின் குணம், விட்டுவிடலாம். அயனியாக்கும் எலக்ட்ரானின் ஆற்றலை 70 எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து 20-க்குக் குறைத்தும் பார்க்கலாம், ஆனால் உணர்திறன் விழும், லைப்ரரி ஒப்பீடும் உதவாது. கீட்டீன் இழப்புக்குக் குறைந்த ஆற்றலே போதும் என்பதால் 164 அவ்வளவு எளிதில் அடங்காது.

கழுவும்போது: ஹீட்டர்களை அணைத்து, சோர்ஸ் 100 டிகிரிக்குக் கீழே வந்த பிறகுதான் காற்று விட வேண்டும். அலுமினா பொடியை மெத்தனாலில் குழைத்து உலோகப் பாகங்களை மட்டும் பஞ்சுக்குச்சியால் தேய்க்கவும். பீங்கான் பாகத்தில் பொடி தங்கினால் மின்னேற்றம் பிடித்து டியூன் (கருவியின் அளவுச் சீரமைப்பு) ஆடும். பிறகு நீர், மெத்தனால், அசிட்டோன், ஹெக்ஸேன் என்ற வரிசையில் அல்ட்ராசோனிக்கில் ஐந்தைந்து நிமிஷம்.

நம்ம ஊரில் இன்னொரு தொல்லை ஈரம். சாரல் காலத்தில் திறந்து மூடினால் 18, அதாவது நீரின் கோடு, இறங்கவே இறங்காது. ஒரு ராத்திரி முழுக்கப் பம்ப் ஓட வேண்டும். நைட்ரஜனின் 28-உம் ஆக்சிஜனின் 32-உம் ஏறத்தாழ 4-க்கு 1 என்று நின்றால் அது ஈரமில்லை, காற்றுக் கசிவு. இணைப்புகளில் ஒவ்வொன்றாக அசிட்டோன் துளி தொட்டு, அசிட்டோனின் கோடுகளான 43-உம் 58-உம் எங்கே எகிறுகிறது என்று பாருங்கள். மழைக்காற்றில் மின்சாரம் போய்ப் போய் வரும் இடத்தில் யுபிஎஸ் இல்லாமல் தொடவே வேண்டாம். எலக்ட்ரானைத் தரும் சூடான ஃபிலமென்ட்டில் காற்று பட்டால் போச்சு.

இத்தனை புகழ்ந்த பிறகும், இந்த விலைக்கு வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அசிடேட்டையும் சேர்த்து நம்பகமாகச் சொல்ல வேண்டுமென்றால், 206-ஐத் தனியாகப் பிடித்து, உடைத்து, 164-ஐக் காட்டும் மும்மைக் குவாட்ருபோலுக்குக் காத்திருங்கள். மீறி வாங்குவதாக இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் டியூன் அறிக்கையைக் கேளுங்கள்: கருவியைச் சீரமைக்கச் செலுத்தும் சேர்மத்தின் கோடுகளான 69, 219, 502 மூன்றும் இருக்க வேண்டும், 502 தேய்ந்திருக்கக் கூடாது, அயனிச் சைகையைப் பெருக்கும் மல்டிப்ளையரின் வோல்ட் 3000-ஐ நெருங்கியிருக்கக் கூடாது. பிறகு தூய யூஜெனில் அசிடேட்டை 230 டிகிரியில் உங்கள் கண்முன்னே செலுத்தச் சொல்லுங்கள். திரையில் 206 தெரியாவிட்டால், சோர்ஸைக் கழுவி மறுபடி காட்டும் வரை பையைத் திறக்காதீர்கள்.