பின்னேர உச்சத்துக்கு டீசலா, பற்றரியா?

கிளிநொச்சியில் ஒரு ஜெனரேற்றர் கூடத்துக்குப் பக்கத்து வளவில் கொஞ்சக்காலம் வாடகைக்கு இருந்தோம். பொழுதுபட்டு இயந்திரம் உறுமத் தொடங்கினால், அக்கா ஓடிப்போய்க் கொடியில் கிடக்கும் பள்ளிக்கூடச் சட்டைகளை அள்ளிக்கொண்டு வருவா. ஒருநாள் பிந்திப்போச்சு. வெள்ளைச் சட்டையின் தோளில் எள்ளுச் சிந்தினமாதிரிக் கரி. தேய்க்கத் தேய்க்க எண்ணெய்க்கறையாக இழுபட்டது.

வன்னியில் ஒரு சிறு நகரத்துக்கு, மின்சாரத் தேவை கூடும் உச்சநேரமான பின்னேரம் 6.30 முதல் இரவு 10.30 வரை 2 மெகாவாட் வேண்டும் என்று வைப்போம். நாலு மணித்தியாலத்துக்கு 8,000 யூனிற். டீசல் எஞ்சின் லீற்றருக்கு ஏறக்குறைய மூன்றரை யூனிற் தரும். ஆக இரவுக்கு 2,300 லீற்றர், 6 தொன் காபனீரொட்சைட்டு. ஆனால் பக்கத்து வீட்டு நெஞ்சை அடைக்கிறது நுண்கரியும் நைதரசன் ஒட்சைட்டுகளும்தான். உச்சநேர எஞ்சின் ஒவ்வொரு நாளும் ஆறின நிலையில் கிளம்புகிறது. சரியாக எரியாத அந்த முதல் நிமிடங்களில்தான் புகை கறுக்கும். மார்கழி, தைப் பனியில் காற்றும் அடங்கிவிட, குட்டைப் புகைபோக்கியின் புகை கூரைமட்டத்திலேயே நிற்கும். டீசல் புகை புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. கழிவெண்ணெய் நிலத்தில் இறங்கினால் கிணறுகளுக்கு என்ன நடக்கும் என்பதை யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில், மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது கண்டோம்.

வாயுச் சுழலி (எரிந்த சூட்டு வாயு சுழற்றும் மின் இயந்திரம், gas turbine) இங்கே பேச்சுக்குத்தான். இலங்கையில் இயற்கை வாயுக் குழாய் இல்லை. கொழும்புக் களனிதிஸ்ஸ மின்நிலையத்தின் சுழலிகளே டீசலிலும் நப்தா என்ற பெற்றோலிய எண்ணெயிலும்தான் ஓடியவை. இந்தச் சிறிய அளவில் சுழலி எஞ்சினைவிடக் கூடுதலாக எண்ணெய் குடிக்கும்.

பற்றரிக்குப் புகைபோக்கியே இல்லை. 100 யூனிற் ஏற்றினால் 85, 90 திரும்பும். இரவில் நுரைச்சோலை நிலக்கரி மின்சாரத்தை ஏற்றினால் எங்கள் புகையை அந்த ஊருக்குத் தள்ளினதாகத்தான் முடியும். மத்தியான வெயிலில் ஏற்றவேண்டும். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைவு என்று கூரைச் சூரியத்தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்கச் சொன்னது மின்சார சபை. அப்படிக் கைவிட்ட மின்சாரத்தைத்தான் நாங்கள் பின்னேரம் டீசல் எரித்துத் தேடுகிறோம்.

என் வாக்கு பற்றரிக்கே. முதற்செலவு பெரிது, வன்னி வெக்கைக்குக் குளிரூட்டலும் வேண்டும். நாட்கணக்கில் கரண்ட் நின்றால் பற்றரி தாங்காது. அதற்காக ஆஸ்பத்திரி ஜெனரேற்றர் இருக்கட்டும். வெள்ளத்தையும் யோசிக்கவேணும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது தண்ணீர் எந்த மதில்வரை நின்றதென்று ஊராக்களைக் கேட்டு, அதற்கும் மேலே பற்றரிக்கு மேடை கட்டவேணும்.