கல்லை எடுத்தார்கள், பி.பி.யைச் சொல்லவில்லை

கிட்னியில் கல் வந்து எடுத்தவர்கள் இதைப் படித்ததும் பழைய டிஸ்சார்ஜ் தாளைத் தேடி எடுங்கள். குறிப்பாகப் பெண்கள்.

எனக்கு 41 வயதில் முதல் கல். நடு ராத்திரியில் விலாவில் பிடித்த வலி அடிவயிறு வரை இறங்கியது. தரையில் உருண்டேன். ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்து, லேசரால் கல்லை உடைத்து, சிறுநீர்க் குழாயில் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்து, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வேலையில் குறை சொல்ல மாட்டேன். "கல் போயிடுச்சும்மா, இனி ஒண்ணும் இல்ல, தண்ணி மட்டும் நிறைய குடிங்க" என்றார் டாக்டர். வலித்தால் போட்டுக்கொள்ள டைக்ளோஃபெனாக் எழுதிக் கொடுத்தார். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. நானும் இடுப்பு பிடித்தாலே ஒன்று போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டினேன்.

மூன்று வருஷம் கழித்து மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுகி, இடது தாடை வரை வலித்தது. இதய டாக்டர் பழைய ஃபைலைக் கேட்டார். "பி.பி. எப்போதிலிருந்து இருக்கு?" என்றார். "எனக்கு பி.பி. கிடையாதே சார்" என்றேன். பேனா முனையை அந்தத் தாளில் வைத்துக் காட்டினார். 156/98. 150/96. 152/94. மூன்று நாளும் நர்ஸ் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறார். முதல் நாள் வலியில் ஏறியது என்றே வைத்துக்கொள்வோம். வீட்டுக்குக் கிளம்பிய அன்று எனக்கு வலியே இல்லையே! அதை என்னிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டுப் பார்த்தேன். அதுவும் இல்லை. யூரிக் அமிலக் கல் என்றால் சர்க்கரை நோய் பக்கமும் பார்க்க வேண்டும் என்பதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

இதயக் குழாய் ஒன்றில் அடைப்பு. சரி செய்தாகிவிட்டது.

கல்தான் அடைப்பைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை, அப்படி நிரூபணமும் இல்லை. ஆனால் கல் வரும் உடம்பில் ரத்த அழுத்தம், சர்க்கரை, பருமன் மூன்றும் சேர்ந்தே வருவது அதிகம். அமெரிக்காவில் 2,42,105 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2013-இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்தது. கல் வந்த பெண்களுக்கு இதயக் குழாய் நோய் வாய்ப்பு ஒரு குழுவில் 18 சதவீதமும், வயது குறைந்த பெண்கள் இருந்த இன்னொரு குழுவில் 48 சதவீதமும் கூடுதல். ஆண்களிடம் அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. அதற்காக ஆண்கள் அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். மறு வருஷம் கனடாவின் ஆல்பர்ட்டாவில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்ததில் ஆண்களுக்கும் கூடுதலாகத்தான் இருந்தது, பெண்களுக்கு இன்னும் அதிகம். டைக்ளோஃபெனாக் விஷயமும் அப்படித்தான். அது பி.பி.யை ஏற்றும், கிட்னியைக் கெடுக்கும், மாரடைப்பு வாய்ப்பையும் கூட்டும். கிட்னி நோயாளி கையில் கெடு சொல்லாமல் கொடுக்கும் மாத்திரையா அது?

கல் எடுத்துவிட்டு வெளியே வரும் முன் வாய் திறந்து கேளுங்கள்: என் பி.பி. எவ்வளவு, சர்க்கரை, கொழுப்பு, கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தீர்களா, கல்லை எந்த லேபுக்கு அனுப்பினீர்கள், வலி மாத்திரை எத்தனை நாள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

என் தங்கைக்கும் போன வருஷம் கல் எடுத்தார்கள், வேறு மருத்துவமனையில். நேற்று அவளுடைய தாளை வாங்கிப் பார்த்தேன். பி.பி. எழுத வேண்டிய கட்டம் மூன்று நாளும் காலியாக இருக்கிறது.