எச்சரிக்கை: பழைய மினி ட்யூப் கிட்டார் ஆம்ப் ஹெட் வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். போனது இரண்டு மாதச் சம்பளம். பழைய இசைக்கருவிகள் கைமாறும் ஒரு இணையச் சந்தையில் "முழு ட்யூப், 20 வாட், ஹை கெயின்" என்று போட்டிருந்த மினி கிட்டார் ஆம்ப் ஹெட்டுக்கு (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்ளிஃபயர் பெட்டி; ட்யூப் என்றால் வெற்றிடக் குழாய், ஹை கெயின் என்றால் முரட்டு டிஸ்டார்ஷன்) கொடுத்த பணம். அந்த ஹெட் இப்போது மூடி கழற்றி மேஜைமேல் கிடக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்கவில்லை. பீவி 6505 எம்எச், ஈவிஎச் 5150 த்ரீ எல்பிஎக்ஸ், ஆரஞ்ச் டார்க் டெரர் மூன்றிலும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பகுதியில் இருப்பது இரண்டு இஎல்84 ட்யூப். மைக்ரோ டார்க் போன்ற ஹைப்ரிட்டில், ஒலியை முதலில் வடிவமைக்கும் ப்ரீஆம்பில் மட்டும் ஒரு ட்யூப், பவர் பகுதி டிரான்சிஸ்டர். அதுவும் 20 வாட் என்றுதான் வரும். இதெல்லாம் தெரிந்தும் ஏமாந்தது வேறு இடத்தில்.

நம்பியது ஒரு 40 விநாடி வீடியோவை. கெயின் முக்கால்வாசி, பாம் மியூட் ரிஃப் (உள்ளங்கையால் தந்தியை அமுக்கி வாசிப்பது), இறுக்கமான சத்தம். பவர் சுவிட்ச் குறைந்த வாட் பக்கம் இருந்ததைக் கவனிக்கவில்லை. ஹை கெயின் ஆம்பில் அந்த உறுமல் பெரும்பாலும் ப்ரீஆம்பின் 12ஏஎக்ஸ்7 ட்யூப்களிலேயே உருவாகிவிடுகிறது. பின்னால் பவர் பகுதி செத்துக்கொண்டிருந்தாலும் சின்ன வாட்டில் காதுக்குப் பிடிபடாது.

இன்னொன்று. "புது மேட்ச்டு பேர் போட்டு பயாஸ் செட் பண்ணியிருக்கு ப்ரோ" என்றார் விற்றவர்; அதாவது அளவொத்த ஜோடி பவர் ட்யூப் போட்டு, சும்மா இருக்கும்போது அவற்றில் ஓடும் கரண்டைச் சரிசெய்ததாக. அந்த மாடல் கேத்தோடு பயாஸ், அந்தக் கரண்ட் தானாகவே அமையும். திருகிச் சரிசெய்ய அதில் ட்ரிம் பாட்டே கிடையாது. செய்யவே முடியாத வேலையைச் செய்ததாகச் சொன்ன அந்த நிமிடமே விலகியிருக்க வேண்டும். பேச்சு அவ்வளவு பக்குவம். பணத்தை அனுப்பிவிட்டேன்.

வந்ததும் முழு வாட்டில், டிஸ்டார்ஷன் இல்லாத க்ளீன் சேனலில் வாசித்தேன். சத்தம் எழும்பி உடனே படுத்தது. நாலு நிமிடத்தில் ஒரு இஎல்84-இன் பிளேட் (உள்ளே இருக்கும் உலோகத் தகடு) சிவந்தது. ஃபியூஸ் போயிருக்க வேண்டும், போகவில்லை. திறந்து பார்த்தால், போர்டில் 500 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்ட இடத்தில் 3 ஆம்பியர் ஃபியூஸ். சாக்கெட்டில் பிளேட் வரும் 7-ஆம் பின்னிலிருந்து ஹீட்டர் பின் பக்கமாக மயிரிழை மாதிரி ஒரு கரிக்கோடு, அதன்மேல் வார்னிஷ் பூச்சு. ஸ்பீக்கரை மாட்டாமல் ஓட்டினால் இப்படித்தான் ஆகும்: லோடு இல்லாததால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜ் எகிறி, சாக்கெட்டில் பொறி பாயும், சுருளின் இன்சுலேஷன் பொத்துக்கொள்ளும். மீட்டர் வைத்தேன். டிரான்ஸ்பார்மரின் ட்யூப் பக்கச் சுருளான பிரைமரியின் ஒரு பாதி 131 ஓம், மறுபாதி 44. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டியவை.

கேட்டதற்கு முதல் பதில்: "கூரியர்ல குலுங்கியிருக்கும்." குலுங்கினால் ஃபியூஸின் அளவு மாறாது. அடுத்து, "உங்க கேபினெட் ஓம் தப்பு." 16 ஓம் ஸ்பீக்கர் கேபினெட், ஆம்பிலும் 16 ஓம் ஜாக், படம் எடுத்து அனுப்பினேன். பிறகு, "ட்யூப் தேயுற பொருள், அதுக்கெல்லாம் கேரண்டி இல்ல." செத்தது டிரான்ஸ்பார்மர் என்று எழுதினேன். மூன்றாம் நாள் பிளாக் செய்துவிட்டார். தளத்தின் உதவிப் பிரிவோ, பெட்டி வந்ததும் "கிடைத்தது" என்று அழுத்திவிட்டதால் பொருள் நல்ல நிலையில் வந்ததாகவே கணக்கு என்று புகாரை மூடிவிட்டது. இரண்டு மாதச் சம்பளம், ஒரு பொத்தானில்.

விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. இவ்வளவாவது செய்யுங்கள். முழு வாட்டில், க்ளீன் சேனலில் பத்து நிமிடம் ஓடும் வீடியோ கேளுங்கள். விளக்கை அணைத்து ட்யூப்களைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடியில் நீல ஒளி படர்ந்தால் பயமில்லை, பிளேட் சிவந்தால் வேண்டாம். ஃபியூஸைக் கழற்றி அதிலுள்ள எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். எடை கேளுங்கள்: இரண்டு டிரான்ஸ்பார்மர் உள்ள ஹெட் ஒரு கிலோவில் வராது. திறப்பதானால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். சோதித்து முடிக்கும்வரை அந்த "கிடைத்தது" பொத்தானைத் தொடாதீர்கள்.