"கோதுமை சேர்க்கவில்லை" என்ற வார்த்தையை நம்பி நான்கு மாதம் சாப்பிட்டேன்

சீலியாக் நோய் (குளூட்டன் என்ற தானியப் புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) உள்ளவர்களும் அவர்களுக்குச் சமைத்துப் போடுபவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 'குளூட்டன் இல்லாதது' என்று இணையத்தில் விற்ற மாவை வாங்கி நான் ஏமாந்த கதை இது.

எனக்கு நோய் உறுதியாகி மூன்று வருடம் ஆகிறது. குளூட்டன் உள்ள கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களையும் அடியோடு விட்டேன். ஒன்றரை வருடத்தில் ரத்தத்தில் இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் டிடிஜி எதிர்ப்பொருள் இயல்பு அளவுக்கு இறங்கியது, இரும்புச்சத்தும் ஏறியது. படி ஏறினால் மூச்சு வாங்குவதும் நின்றது.

அப்புறம்தான் இந்த மாவு வந்தது. அரிசியும் சோளமும் கலந்தது. பையில் கோதுமைக் கதிரின் குறுக்கே கோடு போட்ட படம் இருந்தது. ஐரோப்பிய சீலியாக் சங்கங்களின் கூட்டமைப்பு உரிமம் கொடுத்த கதிர்ச் சின்னமாக இருந்தால் கூடவே ஒரு பதிவு எண் இருக்கும். இந்தப் பையில் எண் இல்லை. அது எனக்கு அப்போது தெரியாது.

முதலில் வாய்ப்புண் வந்தது. பிறகு முடி கொட்டியது, பகலெல்லாம் அசதி. வயிற்று வலியோ பேதியோ இல்லாததால் உணவின் மேல் சந்தேகமே வரவில்லை. வழக்கமான பரிசோதனையில் டிடிஜி வரம்பைப் போல நான்கு மடங்கு இருந்தது. மருத்துவர் என்னைத் திட்டவில்லை. வீட்டில் இருக்கும் மாத்திரை, சாஸ் பாட்டில் வரை எல்லாவற்றையும் எடுத்து வரச் சொன்னார். ஒவ்வொன்றாகப் பார்த்ததில் புதிதாக வந்தது மாவு மட்டும்தான்.

விற்றவரைத் தொலைபேசியில் பிடித்தேன். "நாங்க கோதுமையே சேர்க்கறதில்லைங்க" என்றார். எங்கே அரைக்கிறீர்கள் என்று கேட்டேன். "எல்லா மாவும் ஒரே மில்லுலதான். ஆனா நல்லா துடைச்சிட்டுத்தான் அரைப்போம்." இது ஆகாது என்று நான் சொன்னதும், "கொஞ்சூண்டு போனா ஒண்ணும் ஆகாது, பழகினா உடம்பு ஏத்துக்கும்" என்று எனக்கே அறிவுரை சொன்னார். மாவை விட அந்தப் பேச்சுதான் என்னைக் கொதிக்க வைத்தது. இது செரிமானக் கோளாறு இல்லை. குளூட்டன் உள்ளே போனால் நம் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளைத் தாக்கி மழுங்கடிக்கிறது. பழக்கினால் சரியாகிற விஷயமே இல்லை.

மீதி இருந்த மாவை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். குளூட்டன் இல்லாதது என்று சொல்லிக்கொள்ள சர்வதேச உணவுத் தரம் தரும் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். இந்த மாவில் 180 இருந்தது. நான் தினமும் சுமார் 200 கிராம் மாவு எடுத்தேன், அதாவது 36 மில்லிகிராம் குளூட்டன். நாளுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால்தான் பெரும்பாலானவர்களுக்குக் குடல் தப்பும். ஒரு ரொட்டித் துணுக்கு அளவுதான், ஆனால் நான்கு மாதம், தினமும்.

அறிக்கையை அனுப்பியதும் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார். அதற்கு ஒரு நிபந்தனை, நான் எழுதிய ஒற்றை நட்சத்திர விமர்சனத்தை நீக்க வேண்டுமாம். நான் நீக்கவில்லை. பணமும் வரவில்லை.

இப்போது மாவு வாங்கும் முன் இரண்டே கேள்வி கேட்கிறேன். கோதுமை அரைக்காத தனி மில்லில் அரைத்ததா? கடைசியாக எந்தத் தேதியில் பரிசோதித்தீர்கள், அறிக்கையைக் காட்ட முடியுமா? "கோதுமை சேர்க்கவில்லை" என்று மட்டும் பதில் வந்தால் வாங்குவதில்லை. ஓட்ஸுக்கும் இதேதான். ஓட்ஸ் வயலிலும் வண்டியிலும் மில்லிலும் கோதுமையோடு கலந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

அந்த மாவு இன்னும் அதே பையில் விற்பனையில் இருக்கிறது. போன வாரம் பார்த்தபோது, "என் மகளுக்கு சீலியாக், வயது ஆறு, இதைக் கொடுக்கலாமா?" என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். "தாராளமாகக் கொடுக்கலாம்" என்று விற்பவர் பதில் எழுதியிருக்கிறார். அந்த அம்மாவை எப்படித் தொடர்புகொள்வது என்று தெரியவில்லை. அவர் கண்ணில் பட வேண்டும் என்றுதான் இதை எழுதினேன்.